யார் ஆடின ஆட்டம்

பின்பால் மெஷின் வாங்க வேண்டும் என்று முதலில் சொன்னவள் கௌசல்யா. அமெரிக்காவில் போர்ட்லண்டிலிருந்து திரும்பி, மலையாளம் பேசும் ஊரான கழக்கூட்டத்தில் இந்த ஃபிளாட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். ஹாலில் பால்கனிக் கதவை ஒட்டிய இடத்தை அதற்காகவே காலியாக விட்டிருந்தாள். அவள் பேச்செடுக்கும்போதெல்லாம் அனந்த், "பார்க்கலாம்" என்பான். துணி காயப்போடும் ஸ்டாண்டும் இஸ்திரி போடவேண்டிய மூட்டையும் மெல்ல மெல்ல அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

இந்த மழைக்காலத்தில்தான், பைபாஸுக்கு அந்தப் பக்கம் வினீத் என்று ஒருவன் வெளிநாட்டு மெஷின்களை வரவழைத்துப் பழுதுபார்த்து விற்கிறான் என்று அனந்தின் ஆபீஸில் யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். அதுவரை அவளுடைய பைத்தியமாக இருந்தது ஒரே வாரத்தில் அவனுடைய திட்டமாகிவிட்டது. எந்தச் சனிக்கிழமை போவது, எந்த மாடல் நல்லது என்று இரண்டு நாள் போனில் பேசினான். பேசியது அவளோடு அல்ல, ஸ்ரீநிவாஸோடு. ஸ்ரீநிவாஸ் அவனுடைய டீமில் வேலை பார்ப்பவன், விடுமுறையில் வீடியோ கேம் விமர்சனம் செய்து இணையத்தில் போடுகிறவன்.

சனிக்கிழமை காரின் முன்சீட்டில் ஸ்ரீநிவாஸ் உட்கார்ந்துகொண்டான். கௌசல்யா, பன்னிரண்டு வயது மாளவிகாவோடு பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

ஸ்ரீநிவாஸ் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "மன்னி, நீங்க ஒண்ணும் பேடிக்க வேண்டாம். ஆடத் தெரியாதவாளும் ஆடற மாதிரி மெஷின் இருக்கு. நான் பார்த்துச் சொல்றேன்."

தான் ஆடியவள் என்பது அவனுக்குத் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அனந்த் சொல்லுவான் என்று அவன் பின்மண்டையைப் பார்த்தாள். அனந்த் வைப்பரின் வேகத்தைக் கூட்டினான்.

பின்பால் என்றால் அவளுக்கு வெறும் விளையாட்டு அல்ல. கம்பெனி அவளைத்தான் போர்ட்லண்டுக்கு அனுப்பியது. அங்கே துணி துவைக்கப் போன கடையின் மூலையில் ஒரு மெஷின் இருந்தது. கண்ணாடி மூடிய சாய்வு மேஜை, உள்ளே உருளும் எஃகுப் பந்து, கீழே இரண்டு பக்கமும் பொத்தானை அழுத்தினால் துள்ளும் இரண்டு ஃபிளிப்பர்கள். பந்து நடுவில் இருக்கும் இடைவெளியில் விழுந்துவிடாமல் அடித்து மேலே அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். துணி காயும் வரை பொழுது போகட்டும் என்று ஆரம்பித்தவள், பிறகு துவைக்கத் துணி இல்லாத நாளிலும் போனாள். ஊர் லீக்கில் சேர்ந்தாள். வியாழக்கிழமை சாயங்காலங்களில் ஒரு பீட்சாக் கடையின் பின்கட்டில் ஆட்டம் நடக்கும். நெற்றியில் பொட்டோடு நிற்கும் ஒரே பெண் அவள். கடைசி வருஷம் இறுதி ஆட்டம் வரை போய் இரண்டாவதாக வந்தாள். அனந்த் கைக்குழந்தை மாளவிகாவை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

வினீத்தின் கோடவுனில் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. மெஷின்கள் வரிசையாக நின்றன. வினீத் நேரே அனந்திடம் போய்க் கைகுலுக்கினான். கோயம்புத்தூரில் படித்தவனாம், மலையாளம் கலந்த தமிழில் பேசினான்.

"சார், வீட்டுல ஆரெல்லாம் ஆடும்? அது தெரிஞ்சாத்தான் சரியான மெஷின் சொல்லமுடியும்."

"ரெண்டு டைப்." அனந்தின் கை கௌசல்யாவையும் மாளவிகாவையும் காட்டியது. "பிகினர்ஸ் ரெண்டு பேர். பின்னே," அதே கை அவன் நெஞ்சைத் தொட்டு ஸ்ரீநிவாஸின் தோளில் இறங்கியது, "சீரியஸா ஆடறவா ரெண்டு பேர். எல்லாருக்கும் ஒத்துவரணும்."

கௌசல்யா அவன் கேலி செய்கிறான் என்று நினைத்தாள். திரும்பி ஒரு சிரிப்புச் சிரிப்பான் என்று காத்திருந்தாள்.

"வினீத், இவன் சாதாரண ஆளில்லை கேட்டியா," என்றான் ஸ்ரீநிவாஸ். "அமெரிக்காவுல லீக் ரன்னர்-அப்பாக்கும். எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும்."

"அய்யோ, அப்படியா சார்!"

அனந்தின் காது மடல் சிவந்தது. குனிந்து பக்கத்து மெஷினின் காலை ஆராய ஆரம்பித்தான். கேலி இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாயைத் திறந்தால் கத்திவிடுவோம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். நாலு பேர் எதிரில் புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது யாரும் சொல்லாமலே அவளுக்குள் ஊறிக் கிடந்த பழக்கம். அந்தப் பழக்கத்தின் மேலும் கோபம் வந்தது.

வினீத் ஒரு சின்ன மெஷினைக் காட்டினான். கால்கள் மெலிந்து, பொம்மை மாதிரி இருந்தது. "இது மேடத்துக்கும் மோளுக்கும் செட்டாகும். உள்ளே அதிகம் ஒண்ணுமில்லை. வெறுதெ தட்டிக்கிட்டே இருக்கலாம்." பிறகு பெரிய திரை வைத்த கறுப்பு மெஷின் பக்கம் போனான். "இது சாருக்கு. செம ஸ்பீடு. ஓரத்துல பந்து போனா திரும்ப வராது."

"மன்னி, நீங்க ஒண்ணு ஆடிப் பாருங்கோ," என்றான் ஸ்ரீநிவாஸ்.

அவள் சின்ன மெஷினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கறுப்பு மெஷினுக்கு முன்னால் போய் நின்றாள். காட்டுகிறேன் பார் என்றிருந்தது. பந்தை ஏவினாள். கை ஞாபகம் வைத்திருந்தது. முதல் இரண்டு அடியும் நினைத்த இடத்துக்குப் போயின. மூன்றாவது அடியில் பந்து தூணில் பட்டு வலது ஓரத்துக்குச் சரிந்தது. அந்த மாதிரி நேரத்தில் மெஷினை உள்ளங்கையால் லேசாகத் தட்டினால் பந்து உள்ளே திரும்பும். எத்தனையோ தடவை செய்திருக்கிறாள். ஆனால் இன்று அவள் கையில் இருந்தது கோபம். இடித்தாள். அந்தக் கனமான பெட்டி தரையில் நகர்ந்தது.

விளக்குகள் எல்லாம் ஒரேயடியாக அணைந்தன. திரையில் 'டில்ட்' என்று வந்தது. ஃபிளிப்பர்கள் செத்துப் போயின. முறைதவறி உலுக்கினால் ஆட்டத்தைப் பறித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. பந்து யாரும் தடுக்காமல் உருண்டு உள்ளே போயிற்று.

ஸ்ரீநிவாஸ் சிரித்துவிட்டான். "மன்னி, மெஷினோட சண்டை போடப்பிடாது! விரலை இப்படி வச்சுக்கோங்கோ." அவள் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்துக் காட்டினான். "பந்து வரும்போது ரெண்டையும் சேர்த்து அடிக்காதேங்கோ. ஒண்ணு ஒண்ணா. மனசிலாச்சா?"

வாழ்க்கையில் ஒரு தடவைகூட இரண்டையும் சேர்த்து அடித்ததில்லை அவள்.

"அனந்த், நீ ஆடு," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"இல்லை, அப்புறம்..."

"ஆடு. எல்லாரும் பார்க்கட்டும்."

அவன் ஆடினான். பந்து வந்தது, இரண்டு ஃபிளிப்பரும் சேர்ந்து துள்ளின, பந்து நடுவில் போயிற்று. அடுத்ததும் அப்படியே. "பழக்கம் விட்டுப்போச்சு," என்று கையை உதறிக்கொண்டான்.

வினீத் வியாபாரி. வாடிக்கையாளரின் முகம் வாடுவதைப் பார்த்துப் பேச்சை மாற்றினான். "அது சகஜம் சார். அந்த ஃபைனல் எப்படி கைவிட்டுப் போச்சு, அதைச் சொல்லுங்க."

அப்போதாவது அனந்த் பேச்சைத் தட்டிக்கழித்திருக்கலாம். அவளை ஒரு தடவை பார்த்தான், பார்த்துவிட்டுச் சொன்னான். பலமுறை சொல்லிப் பழகிய கதை என்பது கேட்டதுமே தெரிந்தது.

"எதிராளி ஒரு டிரக் டிரைவர். பெரிய தாடி. கடைசிப் பந்து வரைக்கும் நான்தான் முன்னால. பந்து இடது ஓரமா இறங்கறது. தட்டலாமா வேண்டாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். அந்த யோசனையிலயே போயிடுத்து."

டிரக் டிரைவரை அன்று எல்லாரும் பார்த்தார்கள். தாடியைப் பார்த்தார்கள். பந்து இறங்கியதையும் பார்த்தார்கள். ஆனால் தட்டலாமா வேண்டாமா என்று கௌசல்யா தயங்கியது யார் கண்ணுக்கும் தெரியாதது. அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதுகொண்டே அவள் அதைச் சொன்னது ஒருவனிடம் மட்டும்தான். அவள் ஆட்டத்தை எடுத்துக்கொண்டான், போகட்டும். அவள் மனசுக்குள் நடந்ததையும் எடுத்துச் சட்டையாக மாட்டிக்கொண்டு நிற்கிறான்.

"அது நான்," என்றாள்.

ஸ்ரீநிவாஸ் அவள் பக்கம் திரும்பினான்.

"என்ன மன்னி?"

"அந்தப் பந்து என் பந்து. அந்த லீக் நான் ஆடினது. இவர் பெஞ்சுல உட்கார்ந்திருந்தார்."

ஸ்ரீநிவாஸ் அனந்தைப் பார்த்தான். அனந்த் சிரிக்க முயன்றான். "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதானே போவோம். ஏதோ பேச்சுவாக்குல... விடு கௌசு, அதுக்கென்ன இப்போ."

விட்டிருப்பாளோ என்னவோ. அதற்குள் மாளவிகா வாயைத் திறந்தாள்.

"ஆனா அப்பா ஜெயிச்சான்னுதானே அப்பா சொல்லிருக்கா? நான் ஸ்கூல்ல எஸ்ஸேகூட எழுதினேனே. 'என்றெ அச்சன்'னு. டீச்சர் கிளாஸ்ல வாசிச்சா."

கௌசல்யா மகளையே பார்த்தாள். ஆபீஸ்காரர்களிடம் பீற்றிக்கொண்டதைக்கூட எங்கேயாவது மூலையில் போட்டுவிடலாம். பெற்ற குழந்தையிடம் சொல்லியிருக்கிறான். வீட்டுக்குள்ளேயே, அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அடுத்த அறையில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறான்.

"வா, போகலாம்," என்று மாளவிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கினாள்.

ஸ்ரீநிவாஸ் தான் ஆட்டோவில் போய்க்கொள்வதாகச் சொல்லி நழுவிவிட்டான். வீட்டுக்கு வந்ததும் மாளவிகா தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அனந்த் சட்டையைக்கூட மாற்றாமல் ஹாலில் நின்றான்.

"எல்லார் முன்னாடியும் என்னை இப்படி அசிங்கப்படுத்தணுமா? ஆத்துக்கு வந்து கேட்டிருக்கலாமில்லையா?"

"நான் அசிங்கப்படுத்தினேனா?" அவள் காயப்போடும் ஸ்டாண்டை ஒரு தள்ளுத் தள்ளினாள். அது மூட்டையோடு சாய்ந்தது. கீழ்வீட்டு ராகேல் ஆன்ட்டிக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும். "எனக்குன்னு எதைடா நீ விட்டு வச்சே? வேலை உனக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. குழந்தை ரெண்டு பேருக்கும். சமையல் எனக்கு. உங்கம்மாவுக்கு முடியலைன்னு ஊருக்குத் திரும்பினது என் புரமோஷனை விட்டுட்டு. எனக்கே எனக்குன்னு இருந்தது அந்த ஒண்ணு. அதையும் எடுத்துண்டியே!"

"உனக்கு நிறைய இருந்துது." அவன் குரலும் உயர்ந்தது. "உனக்கு ஆபீஸ் இருந்துது, லீக் இருந்துது. எனக்கு என்ன இருந்துது அங்க? உன் விசாவுல ஒட்டிண்டு போனவன் நான். வேலை பார்க்க அனுமதி கிடையாது. பால் பாட்டில் கழுவினேன். திரும்பி வந்ததும் ஒவ்வொரு இன்டர்வியூவிலயும் கேட்டா, இத்தனை வருஷம் அங்க என்ன பண்ணினேள்னு. ஆபீஸ்லயும் கேட்டா. என்ன சொல்றது? பெண்டாட்டி ஆடினா, நான் குழந்தையை வச்சுண்டு உட்கார்ந்திருந்தேன்னா?"

"ஆமா! அதைத்தான் சொல்லியிருக்கணும். அதுல என்ன கேவலம்? நான் எட்டு மணி வரைக்கும் ஆடினேன்னா நீ குழந்தையைப் பார்த்துண்டதாலதான் ஆடினேன். அதை நான் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா? உனக்குத்தான் அது போறலை."

அவன் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான்.

அவளுக்குப் புரியாமல் இல்லை. குளிர்காலச் சாயங்காலங்களில் அவன் ஜன்னலருகே நின்றுகொண்டிருப்பதை வேலையிலிருந்து வரும்போது அவள் பார்த்திருக்கிறாள். அதெல்லாம் நன்றாகவே புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையும் என்று யார் சொன்னது? குறையவில்லை. இன்னும் கொஞ்சம் கூடியது, இப்போது அவனைத் திட்டவும் முழு மனசு வராமல் போய்விட்டதே என்று.

"ஸ்ரீநிவாஸ்கிட்ட நீ என்ன வேணா சொல்லிக்கோ," என்றாள் கடைசியில். "மாளவிகாகிட்ட நீயே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

அவன் மூன்று நாள் இழுத்தான். அந்த மூன்று நாளும் அவள் அவனோடு உப்பு, காபி என்று ஒற்றை வார்த்தையில் பேசினாள். புதன்கிழமை சாப்பிடும்போது, ரசத்தைப் பிசைந்துகொண்டே, தட்டைப் பார்த்தபடி மகளிடம் சொன்னான். சொன்ன விதம் மோசம். 'கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டேன்' என்று ஆரம்பித்தான். கௌசல்யா டம்ளரை மேஜையில் வைத்த சத்தத்தில் நிறுத்திவிட்டு, "பொய் சொன்னேன்" என்றான்.

மாளவிகா சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து அம்மாவிடம் கேட்டாள்: "எனக்குச் சொல்லித் தருவியா?"

அடுத்த சனிக்கிழமை இருவரும் மட்டும் போனார்கள். வினீத் கொஞ்சம் பயந்துபோனவன் மாதிரி எழுந்து நின்றான். "மேடம், அன்னைக்கு நான்..."

"நீங்களும் என்னை ஒரு வார்த்தை கேட்கலை, வினீத்."

"ஸாரி மேடம்." பிறகு, அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டான். "மேடத்துக்கு எப்படிப்பட்டது வேணும்?"

"எனக்கு சவால் வேணும். இவளுக்கு முதல் நாளே ஏதாவது கிடைக்கணும். ரெண்டும் ஒரே மெஷின்ல."

அந்தச் சின்ன மெஷினை அவள் ஒரே ஆட்டத்தில் ஒதுக்கிவிட்டாள். அதில் ஒரு மாதத்துக்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை. மாளவிகாவுக்கே சலித்துவிடும், பிறகு அதன் மேல் துணி மூட்டைதான் உட்காரும். கறுப்பு மெஷின் அவளுக்குப் பிடித்தது. ஆனால் மாளவிகாவின் பந்துகள் ஒவ்வொன்றாக ஓரத்தில் விழுந்து, அவள் முகம் சுருங்கிப்போயிற்று. புதிதாக வருகிறவர்களைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிற மெஷின் அது.

மூலையில் தார்ப்பாய் மூடி ஒன்று இருந்தது. நீக்கச் சொன்னாள். நடுவில் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிற மெஷின். திரை சின்னது, பெயின்ட் அங்கங்கே தேய்ந்திருந்தது.

"இது பழசு மேடம். யாரும் கேக்கறதில்லை."

கண்ணாடிக்கு மேல் குனிந்து கௌசல்யா அதை நெடுநேரம் பார்த்தாள். ஆபீஸில் அவள் வேலை சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிப்பது. அதே கண்ணோடு பார்த்தாள். கலங்கரை விளக்கம் நேர் எதிரில், அகலமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் பாதிப் பந்து அதில் படும். பட்டால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு விளக்கு எரியும், எல்லாம் எரிந்தால் கோபுரம் சுழலும். ஏவின கையோடு பந்து விழுந்துவிட்டால் மெஷினே இன்னொரு பந்து தரும். எவ்வளவு நேரம் வரை தரலாம் என்று நாம் வைத்துக்கொள்ளலாம். அது மாளவிகாவுக்கு. கோபுரத்துக்குப் பின்னால் இரண்டு வளைந்த பாதைகள் மேலே ஏறின. பந்தை அந்தப் பாதைகளில் ஏற்றி, மேஜையில் வரைந்திருந்த கப்பல்களை ஒரு ஒழுங்கில், ஒன்று தவறாமல், கரை சேர்த்தால்தான் 'புயல்' என்கிற கடைசிக் கட்டம் ஆரம்பிக்கும். வினீத்தே இதுவரை அந்தப் புயலைப் பார்த்ததில்லையாம். அது அவளுக்கு.

மாளவிகா ஆடினாள். பந்து கோபுரத்தில் பட்டுத் திரும்பியது. இன்னொன்று. விளக்குகள் எரிந்து கோபுரம் சுழன்றபோது அவள் துள்ளினாள். "அம்மே, இது கொள்ளாமே, நன்னாருக்கே! விழிஞ்ஞம் லைட்ஹவுஸ் மாதிரி!"

"மரம் மழையில உப்பியிருக்கா பாருங்க. ஃபிளிப்பரோட காயிலை மாத்தி, ரப்பர் எல்லாம் புதுசா போட்டுக் குடுங்க," என்றாள் கௌசல்யா. "இதைத்தான் எடுத்துக்கறேன்." எடுத்துக்கறோம் என்று அவள் சொல்லவில்லை.

மெஷின் வந்த ஞாயிற்றுக்கிழமை, அனந்தே காயப்போடும் ஸ்டாண்டை பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போனான். நாலு கால்களையும் மட்டம் பார்த்துப் பூட்டினார்கள். சத்தம் கேட்டு ராகேல் ஆன்ட்டி மேலே வந்து பார்த்தார். அந்தக் கண்ணாடியையும் விளக்குகளையும் கண்டு வாய் பிளந்து, மலையாளத்தில் கேட்டார், இது யாருக்கு, அனந்துக்கா என்று.

"அல்ல ஆன்ட்டி, கௌசல்யாவுக்கு," என்றான் அனந்த். "அவள் பெரிய பிளேயர். அமெரிக்காவுல லீக்ல ரெண்டாவதா வந்தவள். நான் பார்த்துண்டு இருந்தவன்."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். சரியாகச் சொன்னேன் இல்லையா என்று கேட்கிற பார்வை. தன் பையிலிருந்து எடுத்து அவளுக்கு ஏதோ தந்துவிட்டவனைப் போல நின்றான். கௌசல்யாவுக்குச் சுரீரென்று மறுபடியும் கோபம் ஏறியது. அவளுடையதை அவளுக்கே தருவதற்கு இவ்வளவு நல்ல முகமா? ஆனாலும் அவன் சொன்னது உண்மை, அதுவும் கீழ்வீட்டு மனுஷி எதிரில். அதற்காக அவனைத் திட்ட முடியாது.

"பார்த்துண்டு இருந்ததும் நிஜம்," என்று மட்டும் சொன்னாள். ராகேல் ஆன்ட்டிக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். பிறகு மெஷின் முன்னால் போய், காலைச் சற்று அகற்றி நின்று, பந்தை ஏவினாள்.

கோபம் உள்ளே அப்படியே இருந்தது. ஆனால் இந்தத் தடவை கை லேசாகத்தான் தட்டியது. ஓரத்துக்குப் போன பந்து விளிம்பில் தயங்கி, உள்ளே திரும்பியது. ராகேல் ஆன்ட்டி, "அய்யோ!" என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அனந்த் கைதட்டப் போனான். அவள் முகத்தைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டான். கௌசல்யா இரண்டாவது கப்பலைக் கரை சேர்த்துக்கொண்டிருந்தாள். மாளவிகா தன் முறைக்காகப் பக்கத்தில் வந்து ஒட்டி நின்றாள்.